பீம் நிலைகாட்டியைத் திருத்த: பிபிஏவா, லோகோவா?

எலக்ட்ரான் கற்றையைச் சுற்றவிடும் சேமிப்பு வளையத்தில், அந்தக் கற்றை (பீம்) எங்கே போகிறது என்று காட்டும் பீம் நிலைகாட்டிகளைத் திருத்த, முடுக்கிகளுக்கான மேட்லேப் மிடில் லேயர் மென்பொருளிலேயே பிபிஏ, லோகோ என்ற இரண்டு வழிகளும் உண்டு.

பிபிஏ (BBA, பீமைக் கொண்டே சீரமைத்தல்) பீமைக் குவிக்கும் நான்முனைக் காந்தத்தின் வலிமையைச் சற்றே மாற்றிப் பார்க்கும். பீம் காந்த மையத்தில் போனால் அதன் பாதை அசையாது. அப்போது காட்டி காட்டும் எண்தான் அதன் மையப் பிழை. காட்டி காட்டியாகச் செய்யப் பொறுமை வேண்டும்.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜேம்ஸ் சாஃப்ரானெக் உருவாக்கிய லோகோ (LOCO, கட்டுரை 1997) வேறு ரகம். பீமின் பாதையைத் திருப்பும் திருத்துகாந்தங்களின் வலிமையை ஒவ்வொன்றாக மாற்றி, எல்லாக் காட்டிகளின் பதிலையும் கணினி மாதிரியோடு பொருத்தும். காட்டிகளின் பெருக்கம் (உண்மை நகர்வை எத்தனை மடங்காகக் காட்டுகின்றன என்பது), திருகல் (சாய்வு), காந்தப் பிழைகள்கூட ஒன்றாகக் கிடைப்பது அருமை! மையப் பிழை மட்டும் கிடைக்காது. காட்டிப் பெருக்கமும் திருத்துகாந்த வலிமையும் ஒன்றையொன்று ஈடுகட்டி ஏமாற்றும். அதைத் தவிர்க்க, ஆற்றல் மாறினால் பீம் பாதை எவ்வளவு விலகும் என்று காட்டும் சிதறல் அளவீட்டையும் சேர்த்தே பொருத்துங்கள்.

புது வளையமா? முதலில் பிபிஏ, பிறகு லோகோ.