வீட்டுக்கு 5 பேர்ச் என்றார்கள்: உப்புவெளியில் நான் ஏமாந்த கதை

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்டத் தொடர் வீடு தேடி அலைகிறவர்கள், முற்பணம் கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். கட்டி விற்றவரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் வழக்கு என் மேல்தான் வரும். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

2018இல் ஓய்வு பெற்றேன். பணிக்கொடை, தம்பலகாமத்தில் அம்மா தந்த வயலை விற்ற காசு, மெல்பேர்னிலிருந்து மகன் அனுப்பியது எல்லாம் சேர்த்து 95 இலட்சம் ரூபாய்க்கு அந்த வருடமே வீட்டை வாங்கினேன். 40 பேர்ச் (ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி) காணியில் எட்டு வீடுகள், ஒவ்வொன்றும் இரண்டு தட்டு, 1,200 சதுர அடி. விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் ‘வீட்டுக்கு 5 பேர்ச்’ என்று போட்டிருந்தது. எட்டைந்து நாற்பது. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவளுக்கு அதற்கு மேல் சந்தேகம் வரவில்லை.

மகன் மட்டும் தொலைபேசியில் கேட்டான்: “அம்மா, வீடு இருக்கட்டும். அதில் உங்களுக்கு மட்டும் என்று எவ்வளவு நிலம்?” அவன் அங்கே ஒரு டவுன்ஹவுஸ் வாங்கியபோது, ஒப்பந்தத்தோடு வந்த வரைபடத்தில் எது தனி, எது பொது என்று கோடு போட்டுக் காட்டியிருந்தார்களாம். நான் “5 பேர்ச்” என்றேன். அவன் அழுத்திச் சொன்ன ‘மட்டும்’ என் காதில் விழவில்லை.

காணி உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், முடிக்கக் கட்டுநரே ஒரு நொத்தாரிசை ஒழுங்கு செய்திருந்தார். எனக்கு அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். உறுதி ஆங்கிலத்தில் இருந்தது. அதில் ‘பிரிபடாத எட்டில் ஒரு பங்கு’ என்று வந்த இடத்தில் நிறுத்தி, இது என்ன என்று கேட்டேன். “எல்லோருக்கும் சமன் பங்கு என்று அர்த்தம், ரீச்சர்” என்றார் நொத்தாரிசு. கையெழுத்துப் போட்டேன். முத்திரை வரி மட்டும் 3 இலட்சத்து 79 ஆயிரம்: முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அந்தக் கணக்கை மட்டும் சரிபார்த்தேன்!

2024இல் மகளுக்காக வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுக்கப் போனேன். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் ஒரு வயதான மனிதர். உள்ளே வந்து ஓடுகளையோ சமையலறையையோ பார்க்கவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு நேரே பின்புறம் போனார். பின்சுவருக்கும் எல்லை மதிலுக்கும் நடுவே நேராக நடக்க இடமில்லை. பக்கவாட்டில் திரும்பி, சட்டை சுவரில் உரசாமல் இருக்க மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். முன்னால் வந்து, “ரீச்சர், உங்கள் 5 பேர்ச்சில் பாதியில் மற்றவர்களின் வாகனம் நிற்கிறதே” என்று சிரித்தார்.

பாதி என்பது அவருடைய பகிடி. கணக்கு இதுதான்: நடு ஒழுங்கை, வாகனம் திருப்பும் இடம், எட்டு வீட்டுக்கும் பொதுவான மலக்குழி, தண்ணீர்த் தாங்கி எல்லாமாக 12 பேர்ச். மிஞ்சிய 28ஐ எட்டால் பிரித்தால் மூன்றரை. அதாவது ஏறக்குறைய 950 சதுர அடி; அதில் 600ஐ வீடே பிடித்துக்கொள்கிறது. அந்த மூன்றரையும் சட்டப்படி எனக்கென்று அளந்து விட்ட துண்டு அல்ல. நில அளவை வரைபடத்தில் எனக்கு ஒரு துண்டு இலக்கமே கிடையாது. மாடிமனைகளுக்கென 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி கட்டடத்துக்கே வரைபடம் வரைந்து பதிந்தால் ஒவ்வோர் அலகும் தனிச் சொத்தாகும். இங்கே அதுவும் செய்யப்படவில்லை. நாற்பது பேர்ச்சின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் எட்டுப் பேருக்கும் பங்கு. மற்ற ஏழு பேரும் ஒப்பமிட்டால் கடன் பற்றிப் பேசலாம் என்றது வங்கி. இரண்டு பேர் கனடாவில், ஒருவர் இலண்டனில். இன்னொருவர் காலமாகி, பிள்ளைகளுக்குள் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.

மதிப்பு 1 கோடியே 5 இலட்சம் என்று மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்தார். ஆறு வருடத்தில் 10 இலட்சம் கூடியிருக்கிறது. இடையில் 2022 வந்து போனதை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தை எட்டியது. அந்தப் பத்து இலட்சத்தை இலாபம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் தேநீர் குடித்துக்கொண்டே விளங்கப்படுத்தினார். காணியைப் பேர்ச் கணக்கில் ஒருபுறம், கட்டடத்தைச் சதுர அடிக் கணக்கில் மறுபுறம் மதிப்பிடுவார்கள். கட்டடத்துக்கு வயது ஏற ஏற விலை கழிபடும். அதுவும் நம்முடைய வாடைக் காற்றின் உப்பு பால்கனிக் கம்பியை எப்படி அரித்திருக்கிறது என்று நகத்தால் சுரண்டிக் காட்டினார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. நான் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி தேய்கிற பக்கத்தில் போயிருந்தது.

நான் வீடு வாங்கிய அதே வருடம் என்னோடு படிப்பித்த தோழி பாலையூற்றில் 15 பேர்ச்சோடு ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கினார். மழைக்கு மூன்று இடத்தில் வாளி வைக்க வேண்டும். நான் சிரித்தேன். இப்போது அவர் பின்பக்கம் 7 பேர்ச்சை அளந்து பிரித்து மகளுக்கு எழுதிவிட்டார்; அத்திவாரம் போட்டாயிற்று. என் வீட்டில் ஒரு முருங்கைக் கொப்பு நடவும் மற்ற ஏழு பேரைக் கேட்க வேண்டும்.

பொய் சொல்லக்கூடாது, வாடகை வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகள் நிறையவே வருகிறார்கள். வாடகைக்காக மட்டும் வாங்குகிறவருக்குச் சிறிய நிலம் பெரிய குறையில்லை. கடற்கரையோரத்து மூன்று பேர்ச், காட்டோரத்துப் பத்தை விட விலை போகவும் கூடும். ஆனால் அது உங்கள் பெயரில், துண்டு இலக்கத்தோடு இருக்க வேண்டும். நொத்தாரிசை நீங்களே பிடியுங்கள். காணிப் பதிவகத்தில் தேடல் போடச் சொல்லுங்கள். உங்கள் சொந்தச் செலவில் நில அளவையாளரைக் கூட்டிப் போங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதியைக் கண்ணால் பாருங்கள்.

போன கிழமை நிலாவெளி வீதியால் ஓட்டோவில் போனபோது, பக்கத்துக் காணியில் புதுப் பலகை கண்டேன். அதே கொட்டை எழுத்து, அதே 5 பேர்ச். கைக்குழந்தையோடு ஒரு சோடி நிற்க, எனக்கு வீடு காட்டிய அதே பையன் ஒழுங்கையைக் காட்டிக்கொண்டிருந்தான். இறங்கிப் போய், “தம்பி, இதில் இவர்களுடைய துண்டு எது? வரைபடத்தில் இலக்கம் என்ன?” என்று கேட்டேன். அவனுக்கு என்னை நினைவில்லை.

“எல்லோருக்கும் சமன் பங்கு, அன்ரி” என்றான்.

மதிப்பீட்டாளரின் அறிக்கையில் ஒரு பிரதி இப்போதெல்லாம் என் கைப்பையிலேயே இருக்கிறது. அதை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஓட்டோவில் ஏறினேன்.