மூணு வருஷம் ப்ரோமிதியஸோட: அந்த பச்சை ‘ரிசால்வ்டு’ மேல மட்டும் தீராத கடுப்பு

“ப்ரோமிதியஸ் போடலாமாடா”ன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான் (சர்வர்லாம் எப்படி இருக்குன்னு அளந்து பாத்து அலர்ட் குடுக்கற டூல் அது), வாய்ஸ் நோட்ல ஆரம்பிச்சேன், பாதியிலயே கோவம் வந்துருச்சு, அதான் இங்க கொட்டுறேன்.

நாப்பது சர்வர், மூணு வருஷம். இன்ஸ்டால் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, ஒரு பைனரி ஒரு யாம்ல் ஃபைல், போய் 9090 போர்ட்ல உக்காந்துக்கும்.

ராத்திரி 2 மணிக்கு மெமரி 95% தாண்டிருச்சுன்னு அலர்ட். எழுந்து கண்ணாடிய தேடி லேப்டாப் திறக்கறதுக்குள்ள ஃபோன்ல பச்சையா ‘ரிசால்வ்டு’ன்னு வந்துச்சு, சரி அதுவா அடங்கிருச்சுன்னு படுத்துட்டேன். காலைல பாத்தா மெஷின் 2:05க்கே தொங்கிருச்சு. அந்த மெஷின்லேர்ந்து அளவெல்லாம் எடுத்துக் குடுக்கற நோட் எக்ஸ்போர்ட்டர் பதில் சொல்லல, அந்த மெட்ரிக்கே, அதாவது மெமரி அளவே, காணாம போச்சு, அலர்ட் ரூல்ல கணக்கு போட ஒண்ணுமில்ல, அதனால அலர்ட் சரியாயிருச்சாம்! செத்தவனுக்கு காய்ச்சல் விட்டுருச்சுன்னு சொல்ற வைத்தியர் மாதிரி.

நியாயமா சொன்னா தப்பு என்னோடதுதான். டார்கெட், அதாவது ப்ரோமிதியஸ் போய் அளவு கேக்கற இடம், பதில் சொல்லலன்னா ‘அப்’ங்கற மெட்ரிக் 0 ஆகும், அதுக்கு தனியா ரூல் எழுதணும், டாக்குமென்ட்லயே இருக்கு. எழுதினேன். அப்புறம் ஒரு தடவ, எந்தெந்த மெஷின பாக்கணும்னு சொல்ற சர்வீஸ் டிஸ்கவரி லிஸ்ட்லேர்ந்தே மெஷின் காணாம போச்சு, அந்த ‘அப்’பும் சேர்ந்து போச்சு. மெட்ரிக்கே இல்லன்னா கத்துறதுக்கு ‘ஆப்சென்ட்’டுன்னு வச்சு இன்னொரு ரூல். 2023ல ‘கீப் ஃபயரிங் ஃபார்’னு ஒண்ணு வந்துச்சு, அது பச்சைய கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்ளோதான்.

ஆனா ‘ப்ரெடிக்ட் லீனியர்’ இருக்கே, அத குறை சொன்னா நாக்கு அழுகிரும். கடைசி ஆறு மணி நேரம் டிஸ்க் போற போக்க பாத்து இன்னும் நாலு மணி நேரத்துல நிரம்பிரும்னு மத்தியானமே சொல்லுச்சு, யாரோ டீபக் லாகிங்க ஆன் பண்ணி மறந்துருக்காங்க, டீ ஆறுறதுக்குள்ள வேலை முடிஞ்சுது. 80% தாண்டுனா கத்துற பழைய அலர்ட்டெல்லாம் அன்னிக்கே தூக்கிட்டேன்.

மத்தபடி டீஃபால்ட்டா 15 நாள் டேட்டாதான் வச்சிருக்கும், மாத்திக்கலாம். யூசர் ஐடிய மட்டும் மெட்ரிக் மேல ஒட்டற லேபிலா போட்றாதீங்க, எங்க டீம்ல ஒருத்தர் போட்டார், யூசருக்கு ஒண்ணா தனித்தனி மெட்ரிக் குவிஞ்சு ப்ரோமிதியஸ் ரேம் மொத்தமும் முழுங்கி விழுந்து, ரீஸ்டார்ட் ஆகி பழைய லாக படிச்சு முடிக்கற வரைக்கும் நாங்க குருடு.

அந்த ஃப்ரெண்டுகிட்ட வேணாம்னுட்டேன். கேக்காம போட்டான்னா மொதல்ல அந்த ‘அப்’ ரூல எழுதச் சொல்லுங்க யாராச்சும்.