சற்றே அகலமான பாதத்துக்கு எடை குறைந்த டென்னிஸ் ஷூ: எது யாருக்குப் பொருந்தும்?

நகம் கறுத்தது பெருவிரலில். ஆனால் வம்பு தொடங்கியது சுண்டுவிரல் பக்கத்தில்.

9-ஆம் எண் ஷூ போட்டால் சுண்டுவிரலின் வெளிப்பக்கம் கடிக்கும். அரை மணி நேரம் ஆடினால் எரிச்சல், ஒரு மணி நேரத்தில் கொப்புளம். கடையில் இருந்த பையன், "ஒரு நம்பர் பெருசா எடுத்துக்குங்க சார், சரியாப் போயிடும்" என்றான். எடுத்தேன். கடி நின்றுபோனது உண்மைதான். ஆனால் பந்தைத் துரத்திக்கொண்டு நெட்டுக்கு ஓடிச் சட்டென்று நிற்கும்போதெல்லாம் பாதம் உள்ளேயே முன்னால் வழுக்கி, பெருவிரல் நுனி ஷூவில் போய் இடித்தது. மூன்று வாரத்தில் நகம் நீலம் பாரித்துப் பிறகு கறுத்தது. கடைசியில் விழுந்தேவிட்டது.

ஷூவின் எண் நீளத்துக்கானது. ஒரு முழு எண் கூட்டினால் நீளம் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலம் கூடுவது அதில் ஒரு சிறு பங்கு மட்டும். அகலத்துக்கென்று தனி எழுத்துக் குறி இருக்கிறது. அமெரிக்க முறையில் ஆண்களுக்கு 'டி' என்பது வழக்கமான அகலம், '2ஈ' அகலம், '4ஈ' மிக அகலம். பெண்களுக்கு 'பி' வழக்கமானது, 'டி' அகலம். சிக்கல் எங்கே என்றால், டி-க்கும் 2ஈ-க்கும் நடுவில் 'ஈ' என்றொரு படி இருக்கிறது. பெரும்பாலான டென்னிஸ் ஷூக்கள் அந்தப் படியில் வருவதே இல்லை. 'சற்றே அகலம்' என்று சொல்லிக்கொள்ளும் என் பாதம் போன்றவை நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். டி கடிக்கும், 2ஈ சில நேரம் தொளதொளக்கும்.

அதனால் இந்த அலசலில் நான் பார்ப்பது ஒன்றுதான்: விடுபட்டுப்போன அந்த 'ஈ'-யை மேலிருந்து இறங்கிப் பிடிப்பதா, கீழிருந்து ஏறிப் பிடிப்பதா? 2ஈ வாங்கி லேஸால் இறுக்கிக்கொள்ளலாம். அல்லது கொஞ்சம் தாராளமாகவும் மென்மையாகவும் தைத்த டி வாங்கி, காலுக்கு இணங்க வைக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஓர் ஐந்து நிமிட வேலை இருக்கிறது. சாயங்காலம் செய்ய வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க நின்று நடந்தபின் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும். தரையில் காகிதம் போட்டு, ஆடும்போது போடும் அதே தடித்த சாக்ஸோடு நின்று, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு காலையும் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பிறகு கடையில் ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை, அதாவது உள்ளே கிடக்கும் மெத்தைத் தகட்டை, கழற்றித் தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். முன்பாதம் இரு பக்கமும் இன்சோலுக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். ஒரு பக்கம் மட்டும், சுண்டுவிரல் மூட்டு இருக்கும் இடத்தில் இம்மி அளவு வெளியே நின்றால், நீங்கள் நான் சொல்லும் 'சற்றே அகலம்' ஜாதி. போட்டுப் பார்க்கும்போது பெருவிரலுக்கு முன்னால் அரைக் கட்டைவிரல் அளவு இடம் இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

நம்மில் பலருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதில் வியப்பில்லை. சின்ன வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் திரிந்து வளர்ந்த கால்கள் இவை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, தென்னிந்தியாவில் வெறுங்காலோடே நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து, அவர்களுக்கு முன்பாதம் ஒப்பீட்டில் அகலமாக இருப்பதைச் சொன்னது. நான் அதைக் குறையாகவே பார்ப்பதில்லை. விரிந்த விரல்கள் தரையை நன்றாகப் பற்றும். அதற்கேற்ற ஷூ கிடைக்காததுதான் குறை.

மேலிருந்து: நியூ பேலன்ஸ் 996, 2ஈ அகலத்தில்

அகலம் என்றாலே முதலில் வரும் பெயர் நியூ பேலன்ஸ். 1906-இல் பாஸ்டனில் உள்ளங்கால் வளைவைத் தாங்கும் பட்டைகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. கால் அளவில் அவர்கள் காட்டும் அக்கறைக்கு வேர் அங்கே இருக்கிறது. ஒரே மாடலை இரண்டு மூன்று அகலங்களில் தருவது அவர்களுக்கு வழக்கம். ஷூவின் நாக்கில் உள்ள லேபிளில் எண்ணோடு அகலக் குறியும் அச்சிட்டிருக்கும். வாங்கும் முன் அதைப் புரட்டிப் பாருங்கள்.

996 அவர்களுடைய டென்னிஸ் வரிசையில் இலகுவானது. ஃப்யூயல்செல் என்ற துள்ளும் நுரை நடுச்சோலில், அதாவது பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவில், இருக்கிறது. பாதம் தரைக்கு நெருக்கமாக நிற்கும். திசை மாற்றும்போது ஷூ கூடவே திரும்பும். முன்பாதம் இரு பக்கமும் அகலமாக இருப்பவர்களுக்கு 2ஈ-யில் இது நிம்மதி. விரல்களை உள்ளேயே விரித்துக்கொள்ளலாம்.

யோசிக்க வேண்டியது குதிகால். முன்பாதம் அகலமாகவும் குதிகால் ஒல்லியாகவும் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எந்த நிறுவனத்தின் 2ஈ-யும் பின்னால் கொஞ்சம் எழும்பும். அதற்கு மருந்து லேஸில் இருக்கிறது. மேலே கடைசியாக ஒரு கூடுதல் ஓட்டை இருக்குமே, பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை வெளியிலிருந்து அதில் நுழைத்து அந்தந்தப் பக்கத்திலேயே ஒரு சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் இழுத்துக் கட்டினால் குதிகால் அடங்கிவிடும். இப்படிக் கட்டியும் எழும்பினால் 2ஈ உங்களுக்கு அதிகம்.

கீழிருந்து: கே-ஸ்விஸ் ஹைப்பர்கோர்ட் எக்ஸ்பிரஸ் 2, வழக்கமான அகலத்தில்

1966-இல் இரண்டு ஸ்விஸ் சகோதரர்கள் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது கே-ஸ்விஸ். தோலால் செய்த டென்னிஸ் ஷூவோடு வந்தவர்கள். ஹைப்பர்கோர்ட் எக்ஸ்பிரஸ் 2 அவர்களுடைய ஷூக்களில் சௌகரியத்துக்குப் பெயர் வாங்கியது. வழக்கமான டி அகலத்திலேயே முன்பாதத்துக்குத் தாராளம். உள் லைனிங் உடல் சூட்டில் இளகிக் காலின் வடிவத்துக்குப் படியும் வகை. சற்றே அகலமான பாதத்துக்கு இதுதான் முக்கியம்: கடிக்கிற அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஷூ விட்டுக்கொடுக்கிறது, குதிகாலில் பிடி தளர்வதில்லை. என் டபுள்ஸ் கூட்டாளி இதைத்தான் போடுகிறார். அவர் ஷூவை இரவல் வாங்கி ஒரு செட் ஆடிப் பார்த்தேன். பழகிய செருப்புக்குள் கால் நுழைவதுபோல இருந்தது.

விலையாகத் தருவது என்ன? மென்மையான மேல்பகுதி நாளாக நாளாக இன்னும் இளகும். கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனில் நின்று இடமும் வலமும் முழு விசையோடு பாய்ந்து ஆடும் இளைஞர்களுக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் போதவில்லை என்று தோன்றலாம். நாற்பதைத் தாண்டிய, வாரத்தில் மூன்று நாள் டபுள்ஸ் ஆடுகிறவருக்கு அது பெரிய குறை இல்லை. நம் ஊரில் இந்தப் பெயர் எல்லாக் கடைகளிலும் தென்படாது என்பதுதான் நிஜமான தடை.

இவற்றோடு போட்டிக்கு வருபவை

ஏசிக்ஸின் ஜெல்-ரெசல்யூஷன் 2ஈ அகலத்திலும் வருகிறது. உறுதி என்றால் இதுதான்: நடுப்பாதத்தின் பக்கவாட்டில் கெட்டியான சுவர், விரல் நுனியில் தேய்மானத்துக்குக் காப்பு, நெடுநாள் உழைக்கும் ரப்பர். ஆனால் எடை. 996-உம் ஹைப்பர்கோர்ட்டும் ஆண்கள் அளவில் 350 முதல் 380 கிராம் வட்டாரத்தில் நிற்கும்போது, ரெசல்யூஷன் 400-ஐ ஒட்டியோ தாண்டியோ போகும். ஓட்டத்தில் ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும் என்பது அளந்து பார்த்த கணக்கு. சின்ன எண்ணாகத் தோன்றும். மே மாதக் காலையில் மூன்றாவது செட்டில் சின்னதாக இருக்காது. கணுக்கால் அடிக்கடி பிசகுகிறவராக இருந்தால் மட்டும் அந்தக் கூடுதல் எடையை ஏற்றுக்கொள்ளுங்கள், அங்கே அது நியாயமான செலவு.

அதே ஏசிக்ஸின் சொல்யூஷன் ஸ்பீட் இலகுவானது, வேகமானது. ஆனால் வழக்கமான அகலத்தில் ஒட்டிப் பிடிக்கும் ரகம். நைக்கியின் வேப்பர் வரிசையும் அடிடாஸின் உபர்சோனிக்கும் அப்படியே. காலைக் கையுறைபோல இறுக்கிப் பிடிப்பதுதான் அவற்றின் நோக்கம். ஒல்லியான பாதத்துக்கு அருமை. நமக்கு வேண்டாம், 'போடப்போட லூசாகிவிடும்' என்று யாராவது சொன்னாலும் வேண்டாம்.

யோனெக்ஸ் பெயர் பாட்மிண்டனால் நம் ஊர்க் கடைகளில் நன்றாகப் பழகியது. அவர்களுடைய டென்னிஸ் ஷூ சோனிகேஜில் 'வைட்' என்று தனியாக ஒரு வடிவம் உண்டு. குதிகாலில் பவர் குஷன் மெத்தை. ஏழு மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் பச்சை முட்டையைப் போட்டாலும் உடையாமல் எம்பும் என்று காட்டி விற்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்கத் தகுந்தது. ஆனால் கடையில் 'யோனெக்ஸ் வைட்' என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்து வைப்பது 65 இசட் வைட் என்ற பாட்மிண்டன் ஷூவை. அகலம் சரியாக இருக்கும், எடை இன்னும் குறைவு, மனம் சபலப்படும். வாங்காதீர்கள். அதன் பசை போன்ற மென்ரப்பர் சோல் மரத்தளத்துக்கானது. ஹார்ட் கோர்ட் என்னும் சொரசொரப்பான கெட்டித் தரையில் அழிரப்பர்போலத் தேய்ந்துவிடும்.

ஓட்டப்பயிற்சி ஷூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகலமானவை கிடைக்கின்றன, இறகுபோல இருக்கின்றன. ஆனால் அவை நேராக முன்னால் போவதற்குச் செய்தவை. தடித்த மென்சோலில் உயரமாக நின்று பக்கவாட்டில் சட்டென்று காலூன்றினால் கணுக்கால் மடங்கும். டென்னிஸில் கால் அதிகம் நகர்வது பக்கவாட்டில்தான்.

டெக்காத்லான் கடையின் சொந்த டென்னிஸ் ஷூவை விலைக்காகச் சொல்லவேண்டும். அகலக் குறி பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் கடைக்குள்ளேயே போட்டுக்கொண்டு நாலு எட்டுப் பக்கவாட்டில் குதித்துப் பார்க்கலாம். புதிதாக ஆடத் தொடங்குகிறவருக்கு, இன்சோல் சோதனையில் தேறினால், தாராளமாக வாங்கலாம்.

எதைக் கையில் எடுத்தாலும் ஓர் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்: சுண்டுவிரல் மூட்டு வந்து படும் இடம். அங்கே மேல்பகுதியில் கெட்டியான பிளாஸ்டிக் பட்டையோ தையலோ ஓடினால், அகலக் குறி என்னவாக இருந்தாலும் அது கடிக்கும். வெறும் வலைத்துணி மட்டும் இருந்தால், அரை அங்குலம் தள்ளி பட்டை ஓடினாலும் பரவாயில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே இந்த இடம் மாறும். அந்த மூட்டுக்கு நேராக உள்ள ஒரு ஜோடி ஓட்டையில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல் நேராக மேலே ஏற்றிக்கொண்டால் அழுத்தம் இன்னும் குறையும். அந்த விடுபட்ட 'ஈ'-யைப் பாதி இதிலேயே பிடித்துவிடலாம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான டி ஷூவின் இன்சோலில் இரு பக்கமும் வழிந்தால் 996, 2ஈ. ஒரு பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டு நின்று, குதிகால் ஒல்லி என்றால் ஹைப்பர்கோர்ட், டி. எனக்கு வலது கால் முதல் ரகம், இடது கால் இரண்டாம் ரகம். பெரிய காலுக்கு மதிப்புக் கொடுத்து 2ஈ வாங்கி, இடது காலில் மட்டும் குதிகால் வளையம் போட்டுக் கட்டிக்கொள்கிறேன். நகம் முழுசாக வளர்ந்துவிட்டது.

கோவையில் இருக்கும் அக்கா ஐம்பது வயதில் டென்னிஸ் தொடங்கியிருக்கிறாள். பெண்களுக்கான அகல ஷூ தேடித்தேடி அலுத்துப்போய் போன் செய்தாள். பெண்களின் 'டி' அகலமும் ஆண்களின் வழக்கமான 'டி' அகலமும் ஒரே எழுத்து. அமெரிக்க அளவில் பெண்களின் எட்டரையும் ஆண்களின் 7-உம் ஒரே நீளம். அதாவது ஒன்றரை எண் குறைத்து ஆண்கள் ஷூ வாங்கினால், எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண ஜோடியே அவளுக்கு அகல ஷூ. இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏன் தம்பி, ஆம்பளைங்க ஷூவைப் போட்டா யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களா?"

"வெள்ளை கலர்ல வாங்குக்கா. பெட்டியைப் பார்த்தாத்தான் தெரியும்."

வாங்கிவிட்டாள். குதிகால் லேசாக எழும்புகிறது என்றாள்; வீடியோ காலில் அந்த லேஸ் வளையத்தை இரண்டு முறை கட்டிக் காட்டினேன். முன்பெல்லாம் ஆட்டம் முடிந்த கையோடு ஷூவைக் கழற்றிப்போடுவதற்காகப் பையில் செருப்பு எடுத்துப் போவாள். இப்போது எடுத்துப் போவதில்லையாம்.