அம்மாவின் முழங்காலும் என் நாலு வார லீவும்

மஸ்கட்டிலிருந்து நாலு வார லீவில் பாளையங்கோட்டைக்குப் போனது அம்மாவின் வலது முழங்காலுக்காக. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. செலவு நான் பயந்த அளவுக்கு வரவில்லை. செயற்கை மூட்டுக்கு மத்திய அரசு 2017-இல் உச்ச விலை வைத்தது ஒரு காரணம். மறுநாளே வாக்கரைக் கொடுத்து நடக்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மருத்துவமனை மேல் எனக்கு ஒரே ஒரு குறை. வீட்டுப் பயிற்சிகளை மங்கிப்போன ஜெராக்ஸ் தாளில், ஆங்கிலத்தில் கொடுத்து அனுப்பினார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு வாசித்தும் விளங்கவில்லை. “எய்யா, நீட்டுனா உயிர் போகுது” என்று அம்மா அழ, முழங்காலுக்கு அடியில் தலையணை ஒன்றை வைத்துக் கொடுத்தேன். இரண்டு ராத்திரி சுகமாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் வாசலிலேயே பார்த்துவிட்டார். “தலகாணிய யாருண்ணே அங்க வச்சது?” மடங்கின வாக்கில் இப்படியே கிடந்தால் கால் பிறகு முழுசாக நீளாது, நொண்டித்தான் நடக்க வேண்டும் என்றார். தலையணையை உருவிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முழங்கால் அந்தரத்தில் நின்று தன் பாரத்தில் தானே நீள வேண்டுமாம். நான் செய்த சேவை அவ்வளவுதான்.

பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். மடக்கினால் 62 பாகை. சமதரையில் நடக்க அது ஏறக்குறைய போதும். படி ஏற 90 பக்கம் வேண்டும், தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ அதற்கும் மேலே. வாரக்கணக்கில் மடக்காமல் விட்டால் உள்ளே தழும்பு இறுகி, மயக்க மருந்து கொடுத்து டாக்டர்தான் மடக்க வேண்டிவரும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அம்மா பயந்துவிட்டாள்.

பயிற்சிகள் எளிமைதான். குதிகாலுக்கு அடியில் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரைப் போட்டு, வழுக்கிக்கொண்டே காலைப் பின்னால் இழுப்பது. சுருட்டிய துண்டை முழங்காலால் அமுக்கித் தொடையை இறுக்குவது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல காலால் மற்றதை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளைக்கு நாலு வேளை. வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்து ஆரம்பம், முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டர்.

பிசியோதெரபிஸ்ட் வருவது வாரம் மூன்று நாள், தடவைக்கு 500 ரூபாய். மற்ற நேரமெல்லாம் நான்தான் வாத்தியார். அம்மா எட்டை எண்ணாமலே பத்துக்குப் போவாள். மொத்தமாக முன்பணம் கட்டிய பிறகுதான், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சைக்கும் வீடு தேடி வருவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சரி, அடுத்த காலுக்கு ஆகும்.

பாதி லீவில் 85-இல் நாலு நாள் அப்படியே நின்றது. அம்மாவைவிட எனக்குத்தான் எரிச்சல். அப்புறம் வீக்கம் வடிந்ததும் நகர்ந்தது.

நான் கிளம்பும் அன்று 104.

“டவுன் பஸ் படிக்கு இது போதுமா?” என்றாள் அம்மா.

“இன்னும் ஒரு மாசம் பொறுங்க ஆச்சி. அதுவரைக்கும் நெல்லையப்பர் கோயிலுக்கு ஆட்டோல போங்க” என்றார் பிசியோதெரபிஸ்ட்.