ஆல்ஃபாக்டோமீட்டர் வாங்கப் போகிறீர்களா? பண்ணை நாற்றத்தை அளந்த என் அனுபவம்

பெங்களூரு பீன்யாவில் ஒரு ஆய்வகத்தில் சில வருடங்களாக டைனமிக் ஆல்ஃபாக்டோமீட்டர் பயன்படுத்துகிறேன்; நாற்றக் காற்றைச் சுத்தக் காற்றோடு பல அளவில் கலந்து, ஒரு மோப்பக் குழுவை முகரச் செய்து நாற்றத்தை அளக்கும் கருவி இது. பெரும்பாலும் ஓசூர், தொட்டபள்ளாப்பூர் பக்கத்துக் கோழிப்பண்ணை, பன்றிப்பண்ணை மாதிரிகள்தான். எல்லோரும் முதலில் கேட்பது எந்த மாடல் நல்லது என்று. மாடலை விடுங்கள், அளவு ஆடுவதெல்லாம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும் பையிலும் அதை முகர்பவர் மூக்கிலும்தான்.

ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 13725-இன்படியே, ஒரே ஆய்வகத்தில் ஒரே மாதிரியை இரண்டு தடவை அளந்தால் மூன்று மடங்கு வரை வித்தியாசம் வரலாம். 1,000 நாற்ற அலகு (குழுவில் பாதிப் பேருக்கே வாடை தெரியும் அளவுக்கு வர 1,000 மடங்கு நீர்க்க வேண்டிய நாற்றம்) என்று வந்தது அடுத்த தடவை 3,000 என்று வந்தாலும் விதிமீறல் இல்லை. பண்ணைக்காரரின் பிழைப்பும் பக்கத்து வீட்டுக்காரரின் நிம்மதியும் இந்த எண்ணை நம்பி இருக்கும்போது எனக்கு அது போதாது, அதனால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பைகளில் மாதிரி எடுக்கிறோம்.

டெட்லர் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பைக்குச் சொந்த வாடை உண்டு, சூடாக்கி, சுத்தக் காற்றால் அலசித்தான் எடுக்க வேண்டும். நேலோபன் என்ற இன்னொரு பிளாஸ்டிக் பை மலிவு, ஒரு தடவையோடு தூக்கிப் போடலாம், ஆனால் ஈரமும் அம்மோனியாவும் அதன் வழியே மெல்லக் கசியும். பன்றிப்பண்ணை நாற்றத்துக்கு முக்கியக் காரணமான பாரா-கிரெசாலோ இரண்டிலுமே சுவரில் ஒட்டிக்கொள்ளும். 30 மணி நேரம் வரை வைக்கலாம் என்கிறது தரநிலை, நான் அன்றைக்கே முடித்துவிடுவேன். மழைக்காலக் காலையில் கொட்டகையின் ஈரக்காற்று பைக்குள் குளிர்ந்து, உட்புறமெல்லாம் பொடிப்பொடியாய் நீர்த்துளி படியும், அம்மோனியா அதில் கரைந்து போய்விடும். துளி படியாமலிருக்க, இப்போது பண்ணையிலேயே உலர் நைட்ரஜன் கலந்து மாதிரியை நீர்க்கச் செய்துவிடுகிறோம். எனக்கு அதிகப் பலன் தந்தது இதுதான்.

அப்புறம் மூக்கு. மோப்பக் குழுவில் சேர, என்-பியூட்டனால் என்ற சோதனை வாயுவை 20 முதல் 80 பிபிபிக்குள் (பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு) கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் தனித்தனி நாட்களில், குறைந்தது 10 தடவை, அதிகம் ஏறி இறங்காமல். நல்ல சல்லடைதான், ஆனால் பியூட்டனாலுக்குச் சரியான மூக்கு பாரா-கிரெசாலுக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் குழுவில் ஒரு அக்கா பியூட்டனாலில் சராசரிதான், பன்றிப்பண்ணைப் பை வந்தால் வாடை தெரிந்ததும் அழுத்த வேண்டிய பொத்தானை எல்லோருக்கும் முன்னால் அழுத்திவிடுவார். ஆகவே ஹைட்ரஜன் சல்பைடையும் இரண்டாவது சோதனை வாயுவாக வைத்திருக்கிறோம். தரநிலைக்கு 4 பேர் போதும். நாங்கள் 6 பேருக்குக் குறைந்து உட்காருவதில்லை, ஒருவருடைய மூக்கு அன்று அடைத்திருந்தாலும் சராசரி அவ்வளவாக ஆடாது.

மெஷினுக்கு மட்டும் பட்ஜெட் போடாதீர்கள், குழுவினர் மாறாமல் தொடர்ந்து வருவதற்கான சம்பளத்தையும் நைட்ரஜன் சிலிண்டர் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.