டாஸ்க்குகளை லிங்க் வினவலாகக் கோத்து எழுதிய அனுபவம்

சி ஷார்ப் நிரல்மொழியில் 2007-இல் லிங்க் (LINQ) வந்தபோது, பட்டியல்களையும் தரவுத்தள அட்டவணைகளையும் வினவும் வசதியாகவே அதைப் பலரும் அறிந்துகொண்டோம். ஆனால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர், எதிரில் இருப்பது பட்டியலா என்று பார்ப்பதே இல்லை. அடுத்தடுத்து இரண்டு ஃப்ரம் வரிகளைக் கண்டால் அவற்றை, ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுத்துக் கோக்கும் செலக்ட்மெனி அழைப்பாக மாற்றிவிட்டு, ஏற்ற வடிவில் அப்படியொரு மெத்தட் இருக்கிறதா என்று மட்டுமே தேடுகிறது. ஆகவே பின்னணியில் ஓடும் வேலையைக் குறிக்கும் டாஸ்க் வகைக்கு அதை எழுதிக் கொடுத்து, அத்தகைய வேலைகளையும் வினவலாகக் கோத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தினேன்.

பயனரை எடுத்து, அவருடைய ஆர்டரை எடுத்து, அதற்குரிய கட்டணத்தை எடுப்பது போன்ற ஒன்றைச் சார்ந்து இன்னொன்று வரும் வேலைகளில், வலப்புறமாக உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்த கன்டினியூவித் (ஒரு வேலை முடிந்ததும் அடுத்து ஓட வேண்டியதைச் சொல்லும் மெத்தட்) அடுக்குகள் மறைந்து, நிரல் மேலிருந்து கீழாக வாசிக்கும்படி ஆயிற்று.

சிக்கல், ஒன்றையொன்று சாராத வேலைகளில்தான் வந்தது. தலா 200 மில்லிநொடி எடுக்கும் இரண்டு அழைப்புகளை அடுத்தடுத்த ஃப்ரம் வரிகளில் எழுதினால், முதலாவது முடிந்த பின்னரே இரண்டாவது தொடங்கும் என்பதால் மொத்தம் 400 ஆகிவிடும்; எச்சரிக்கை எதுவும் வராது. ஸ்காலா மொழியின் ஃபார் வடிவமும் செலக்ட்மெனிக்கு இணையான ஃபிளாட்மேப்பாகவே மாறுவதால் அங்கும் இதே கதைதான், ஆனால் டாஸ்க்குக்கு இணையான ஃபியூச்சர் உருவான கணமே ஓடத் தொடங்கிவிடும் என்பதால், அவற்றை முன்கூட்டியே மாறிகளில் வைத்துக்கொண்டு ஃபாருக்குள் கோத்தால் போதும். சி ஷார்ப்பிலும் இந்த வழி உண்டு. நானோ, இரண்டு மூலங்களை இணைக்கும் ஜாயினை டாஸ்க்குக்கு எழுதிப் பார்த்தேன்: அதன் இரண்டாவது மூலம் அழைப்பின் அளபுருவாகச் செல்வதால் இரண்டு வேலைகளும் முன்பே தொடங்கிவிடுகின்றன. எனினும் இலக்கணத்துக்காக ‘ஆன் 1 ஈக்வல்ஸ் 1’ என்று பொருளற்ற ஒரு நிபந்தனையை எழுத வேண்டியிருந்தது. அதைப் பார்த்த சக நிரலாளர்கள் பிழை என்றே எண்ணித் திருத்த முற்பட்டார்கள், அவர்கள் மேல் தவறில்லை.

வினவலுக்குள் பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் எழுத முடியாது, சுழற்சியும் முடியாது. 2012-இல் சி ஷார்ப் 5 கொண்டுவந்த, டாஸ்க் முடியக் காத்திருந்து விடையை எடுத்துத் தரும் அவெயிட் இவை இரண்டையும் இயல்பாகத் தருவதால், வெறும் டாஸ்க்குகளுக்கு வினவல் வடிவத்தைக் கைவிட்டுவிட்டேன்.

ஓரிடத்தில் மட்டும் இன்றும் விடவில்லை. வெற்றி அல்லது பிழை என்ற விடையை உள்ளே சுமக்கும் டாஸ்க்கில், அவெயிட் டாஸ்க் என்ற வெளியுறையை மட்டுமே பிரிக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு வரிக்கும் கீழே இஃப் போட்டுப் பிழையா என்று பார்த்தாக வேண்டும். இரண்டு உறைகளையும் சேர்த்துப் பிரிக்கும் செலக்ட்மெனி ஒன்றை எழுதிவைத்தால், முதல் பிழையிலேயே மீதி வரிகள் ஓடாமல் நின்றுவிடுகின்றன, இஃப் ஒன்றுகூடத் தேவைப்படுவதில்லை.