இரண்டு நாள் பயிலரங்கமா, வாராந்தரச் சந்திப்பா, சீனியரின் அருகில் உட்காருவதா? சக மாணவர் டியூட்டர் பயிற்சி ஓர் ஒப்பீடு

நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவரைச் சக மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் டியூட்டராக உட்காரவைத்தால் பெரும்பாலும் முதல் வேலையாகப் பேனாவை வாங்கித் தானே கணக்கைப் போட்டுக் காட்டுவார். எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். இருவருக்கும் திருப்தி. மறுநாள் அதே மாதிரிக் கணக்கு வந்தால் தலையாட்டியவருக்குக் கை ஓடாது.

சக மாணவர் கற்பித்தல் பற்றிய ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்த ராட் ராஸ்கோவும் மிஷலின் சீயும் இதையே சொன்னார்கள்: டியூட்டர்கள் தமக்குத் தெரிந்ததை எடுத்துச் சொல்வதிலேயே நின்றுவிடுகிறார்கள், பயிற்சி பெற்ற பிறகும்கூட. அதனால் எந்தப் பயிற்சி முறையையும் எத்தனை தலைப்புகளைத் தொடுகிறது என்று பார்த்து எடைபோடுவதில் பயனில்லை. பேனாவைக் கையிலிருந்து இறக்குகிறதா என்பதே கேள்வி.

செமஸ்டருக்கு முன் பயிலரங்கம்

இரண்டு நாள், மொத்தம் 10 முதல் 12 மணி நேரம். எல்லோரையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்பதால் நிர்வாகத்துக்குப் பிடிக்கும். விதிமுறைகளுக்கு இது போதும்: மதிப்பெண்ணுக்குரிய அசைன்மென்ட்டை எந்த அளவு தொடலாம், மனநெருக்கடியில் வரும் மாணவரை யாரிடம் அனுப்புவது, பதிவேட்டில் என்ன எழுதுவது.

திறமை என்று வந்தால்தான் இது தள்ளாடுகிறது. இன்னும் ஒரு மாணவரைக்கூடப் பார்க்காதவரிடம் 'உங்கள் சிரமம் என்ன?' என்று கேட்டு என்ன பயன்? நடித்துப் பார்க்கும் பயிற்சியும் சப்பென்று முடிவதுண்டு. மாணவராக நடிப்பவரும் நன்றாகப் படிப்பவர்தானே, முதல் குறிப்பிலேயே 'ஆ, புரிந்துவிட்டது' என்று சரணடைந்துவிடுவார். இதைத் தடுக்க, ஒரு குறிப்பிட்ட தவறான புரிதலை அட்டையில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். உதாரணமாக, (a+b)² என்றால் a²+b² என்று உறுதியாக நம்புபவர். தானே எழுதிப் பார்க்கும்படி டியூட்டர் வைக்கும்வரை அவர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூவர் மூவராக, சுற்றுக்கு 12 நிமிடம். ஒருவர் டியூட்டர், ஒருவர் மாணவர், மூன்றாமவர் கையில் ஸ்டாப்வாட்ச். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன என்று 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். அந்த 3 நொடி, டியூட்டருக்கு அரை நிமிடம்போலக் கனக்கும். உடலுக்கு அது பழகுவது பயிலரங்கத்தில் உருப்படியாக நடக்கக்கூடிய ஒன்று.

வாராந்தரச் சந்திப்பு

டியூட்டர் வேலை நடக்கும்போதே டியூட்டர்கள் கூடிப் பேசுவது: வாரம் ஒரு மணி நேரம், 10 முதல் 12 வாரம். கூட்டிப் பார்த்தால் பயிலரங்கத்தின் அதே நேரம்தான். வித்தியாசம் கையில் வரும் சரக்கில். மாணவரின் சம்மதத்தோடு எடுத்த மூன்று நிமிட ஒலிப்பதிவை ஒவ்வொரு வாரமும் இருவர் கொண்டுவர வேண்டும். முதலில் பதிவுக்குரியவரே பேசுவார், பிறகு மற்றவர்கள். பதிவில் அடிக்கடி காதில் விழுவது இது: 'புரிஞ்சுதா?' 'ம்.' தனக்கு எது தெரியவில்லை என்றே தெரியாதவர் வேறு என்ன சொல்வார்? அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, அதற்குப் பதிலாக என்ன கேட்டிருக்கலாம் என்று எல்லோரும் சொல்லிப் பார்க்க வேண்டும். 'அடுத்த ஸ்டெப் ஏன் இப்படி வருதுன்னு எனக்குச் சொல்லு பார்ப்போம்' என்பது ஒன்று.

எட்டுப் பேருக்கு மேல் போனால் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நடத்துபவர் அசந்தால் நான்காவது வாரமே இது டைம்டேபிள், சம்பளப் பேச்சுக் கூட்டமாகிவிடும். அவற்றை மின்னஞ்சலுக்குத் தள்ளுங்கள். இதைவிடப் பெரிய குறை, முதல் இரண்டு மூன்று வாரம் வரும் மாணவர்கள் பயிற்சியில்லாத டியூட்டரிடம் மாட்டிக்கொள்வது.

சீனியரின் அருகில்

அனுபவமுள்ள டியூட்டர் சொல்லிக்கொடுப்பதைப் புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. செலவு குறைவு, நிஜ மாணவர், நிஜப் பாடம். ஆனால் சீனியரின் பழக்கம் எதுவோ அதுவே தொற்றும். அவர் விரிவுரையாளர் பாணியில் பொழிபவராக இருந்தால், அதுதான் நல்ல டியூட்டரிங் என்று ஜூனியர் முடிவுகட்டுவார். பார்ப்பவருக்கு எதைப் பார்ப்பதென்று தெரியாததும் சிக்கல்தான். அரைப்பக்கத் தாள் ஒன்று போதும்: பேனா யார் கையில், பேச்சு யாருடையது (ஒவ்வொரு நிமிடமும் ஒரு கோடு), எத்தனை கேள்விக்கு டியூட்டரே பதில் சொன்னார், மாணவர் தனியாகச் செய்த கணக்கு ஒன்றாவது உண்டா. இரண்டு முறை பார்ப்பது, இரண்டு முறை பார்க்கப்படுவது. கருத்தை அன்றைக்கே சொல்ல வேண்டும், மாணவர் போன பிறகு.

எதைத் தேர்வது?

ஒன்றை மட்டும்தான் நடத்த முடியும் என்றால் வாராந்தரச் சந்திப்பு. இதில் எங்களுக்குத் தயக்கமில்லை. மற்ற இரண்டும் எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டுகின்றன. தான் உண்மையில் என்ன செய்தோம் என்பதை வாரந்தோறும் முகத்துக்கு நேரே வைப்பது இது ஒன்றுதான்.

கலக்க முடிந்தால், டியூட்டர் பயிற்சிக்குச் சான்றளிக்கும் அமெரிக்காவின் சி.ஆர்.எல்.ஏ. (College Reading and Learning Association) சங்கத்தின் முதல்நிலைச் சான்றிதழ் வசதியான அளவுகோல்: குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி, 25 மணி நேர டியூட்டரிங். அந்தப் பத்தில் நான்கை முன்கூட்டியே விதிமுறைக்கும் நடிப்புச் சுற்றுகளுக்கும் ஒதுக்கி, ஆறை வாரச் சந்திப்புகளாகப் பரப்பலாம். சீனியரின் அருகில் வைத்துக்கொள்ளும் அந்த அரைப்பக்கப் பார்வைத்தாளை மூன்றாவது வாரத்தில் நுழைக்கலாம். அதற்குமுன் கொடுத்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

குழுவாக நடத்தும் முறைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 1973இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் தொடங்கிய துணைப்போதனை (Supplemental Instruction) முறையில், குழுத் தலைவர் அந்தப் பாட வகுப்பில் மறுபடியும் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அங்கே வாரச் சந்திப்பின் பெரும்பகுதி அடுத்த அமர்வைத் திட்டமிடவே போகும், போகட்டும்.

பயிற்சி மணிகளுக்கும் டியூட்டரிங் மணிகளுக்கும் ஒரே ஊதியம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் தேர்வு நெருங்கும்போது முதலில் காலியாவது வாரச் சந்திப்பின் நாற்காலிகள்தான். அந்த வாரங்களில் மட்டும் கூட்டத்தை அரைமணி நேரமாகச் சுருக்கி, ஒரே ஒரு பதிவோடு முடித்துக்கொள்ளலாம்.